முட்கம்பிக்குள் ஒரு பிரசவ அறை

எங்கள் அக்கா எம்மைப் பிரிந்து ஓராண்டாகிறது. அவரைப் பற்றி எழுதுவதென்றால் எங்கள் ஊர்ப் பிரசவ விடுதியைப் பற்றியும் எழுத வேண்டும்.

மன்னார்க் கரையோரக் கிராமமொன்றில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா கடலில் தவறியபின் எங்களை ஆளாக்கியவர் அவரே. மருத்துவமாதாகப் பயிற்சி பெற்று, சொந்த ஊரிலேயே மூன்று அறைகள் கொண்ட அந்த ஓட்டுக் கட்டடப் பிரசவ விடுதியில் பணியேற்றார். போரில் இராணுவம் ஊருக்குள் வந்து விடுதியை முகாமாக்கியது. யன்னல்களில் மண்மூட்டைகள், சுற்றிவர முட்கம்பி. அக்கா வீடு வீடாகப் போய்ப் பிள்ளைப்பேறு பார்த்தார்.

ஒருநாள் நண்பகல், குழந்தையின் கால் முன்னே வந்து ஒரு தாய் துடித்தார். பெரியாஸ்பத்திரிக்குப் போகும் பாதை மூடியிருந்தது. அக்கா அவரை மாட்டு வண்டியில் ஏற்றி, தான் முன்னே நடந்து முகாம் வாசலில் போய் நின்றார். அதிகாரிக்குச் சிறிது தமிழ் தெரியும்.

“இது இப்ப காம்ப். போங்க.”

“இது நான் வேலை செய்யிற இடம், ஐயா. பிரசவக் கட்டில் உள்ளுக்கை கிடக்கு. என்னைச் சுடுறதெண்டால் பிள்ளை பிறந்த பிறகு சுடுங்கோ.”

அதிகாரி பின்னறையிலிருந்த பெட்டிகளை வெளியே எடுக்கச் சொன்னார். தாயும் பிள்ளையும் பிழைத்தனர். இராணுவம் கட்டடத்தை விட்டுப் போகும்வரை அந்த அறை அக்காவிடமே இருந்தது. இவற்றை எனக்குச் சொன்னவர், இன்று லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் வசிக்கும் அந்தத் தாய்தான்.

ஆனால் முகாமுக்குள் போய்வந்ததால், இராணுவத்தோடு தொடர்போ என்று ஊர் அக்காவைச் சந்தேகித்தது. அப்போதே லண்டன் ஹவுன்ஸ்லோவிலிருந்த நானும் அதற்கு விலக்கல்ல. அவர் பட்டினத்துக்குப் போய் எனக்குத் தொலைபேசி எடுத்தபோது சொன்னேன்:

“அக்கா, ஆக்கள் ஒரு மாதிரிக் கதைக்கினம். அங்கை போகாதையுங்கோ.”

“கதைக்கிற ஆக்களின்ரை வீட்டிலையும் நான்தானே பிள்ளை பார்க்கிறன், தம்பி.”

கோபத்தில் ஒரு வருடம் நான் அவரோடு பேசவில்லை. ஓய்வுபெற்றபின் அவர் எங்களிடம் வந்து பல ஆண்டுகள் வாழ்ந்தும், அதைப் பற்றி வாய் திறக்கத் துணிவு வரவில்லை. கடைசி வாரத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலருகே மன்னிப்புக் கேட்டேன். அக்கா சிரித்தார்.

“நீ கதைக்காமல் விட்டதோ? எனக்கு அப்ப அதைக் கவனிக்க நேரமே இருக்கேல்லை.”

அவரைத் தாங்கிய தாதியர், செபித்த பங்கு மக்கள், சமைத்துக் கொண்டுவந்த அயலவர் அனைவருக்கும் எம் நன்றி. அந்நாட்களில் முட்கம்பிக்கு வெளியே சுடுதண்ணீர் வைத்து, அக்கா திரும்பும்வரை காத்திருந்த பெண்களுக்கும் நன்றி. அவர்களின் பெயர்களை நான் அக்காவிடம் கேட்டு வைத்திருக்க வேண்டும்.