கல்யாண வீட்டில் நின்ற பாட்டு

பாட்டு பாதி வரியில் நின்றது. மாடி அறையில் தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த எனக்கு, கீழே பந்தியில் கரண்டி உரசும் சத்தம் வரை கேட்டது. கரண்டு போகவில்லை, விளக்கெல்லாம் எரிந்தது. மறுநாள் காலை எனக்கு முகூர்த்தம். பாட்டுப் போட்டவர் என் தாய்மாமா. திருச்செங்கோட்டில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தார். தன் செட்டை அடுத்தவர் தொட விடமாட்டார். சாப்பாட்டு இலையைக்கூட ஆம்ப்ளிஃபையர் பக்கத்துக்குக் கொண்டுவரச் சொல்லும் ஆள் அவர். தானாக நிறுத்தியிருக்க மாட்டார் என்று பாதிப் பூவோடு இறங்கி ஓடினேன்.

மேடை ஓரத்தில் இரண்டு பேர் நின்றார்கள். பாடல்களின் உரிமையாளர்களுக்காகக் கட்டணம் வசூலிக்கிறவர்களாம். உரிமம் இல்லாமல் பாட்டுப் போட்டதாக எழுதிய தாளில் மாமாவைக் கையெழுத்துக் கேட்டார்கள். போடாவிட்டால் புகார் கொடுப்போம், செட்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும் என்றார்கள். வைகாசி முழுக்க அவருக்குக் கல்யாண ஆர்டர் இருந்தது. செட்டு போனால் அந்த வருஷத்துப் பிழைப்பே போனது.

“ஏனுங்க, கண்ணால ஊடுங்க இது. எங்கக்கா புள்ளைக்குத்தானுங்க கண்ணாலம்” என்று மாமா சன்னக் குரலில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மைக்கில் ஊரையே அதட்டுகிறவரின் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை.

நான் அப்போது நாமக்கல் கோர்ட்டில் ஜூனியர் வக்கீல். கழுத்து நிறைய நகையோடு சட்டம் பேசினேன். கல்யாணத்துக்கும் அதையொட்டிய கொண்டாட்டத்துக்கும் பாட்டுப் போட யாருடைய அனுமதியும் வேண்டாம், பதிப்புரிமைச் சட்டமே அந்த விலக்கைத் தந்திருக்கிறது என்றேன். இதோடு கிளம்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். மூத்தவர் அசரவில்லை.

“தெரியுங்க மேடம். கல்யாணம்னா நாங்க திரும்பிப் போயிருவோம். மேல பாருங்க.”

மேடைக்கு மேலே மாப்பிள்ளையின் நண்பர்கள் கட்டிய ஃப்ளெக்ஸ் இருந்தது. போர்வெல் வண்டி வைத்திருப்பவர்கள். ‘இன்னிசை மாலை வழங்குவோர்’ என்று போட்டு, கம்பெனிப் பெயர், புது ரிக் வண்டியின் படம், செல் நம்பர், கூலிங்கிளாஸில் நான்கு முகங்கள். எங்கள் பக்கத்தில் சிநேகிதன் கல்யாணத்துக்கு இப்படிக் கட்டாவிட்டால்தான் மரியாதைக் குறைவு. வெளியாள் கண்ணுக்கு அது கம்பெனி விளம்பர நிகழ்ச்சி. வாதாடியிருந்தால் ஜெயித்திருப்பேன். ஆனால் தீர்ப்பு வரும்வரை செட்டு ஸ்டேஷனில்தான் கிடக்கும்.

மாமா பேனாவை வாங்கிவிட்டார். நான் பிடுங்கினேன்.

“நீ மேல போ சாமி. என்னால உங்கண்ணாலத்துல வம்பு வேண்டாம்” என்றார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

அப்போது ஃப்ளெக்ஸில் இருந்த நால்வரில் ஒருவர் நாற்காலி மேல் ஏறி, அதைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்தார். அவர் முகமே மடங்கிக் கீழே விழுந்தது. “இப்பக் கண்ணாலம் மட்டுந்தானுங்க இருக்குது. பாத்துக்குங்க” என்றார். வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு, பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். புகார் எதுவும் வரவில்லை. ஆனால் மாமா மறுபடி பாட்டுப் போடவில்லை. வெறும் மேளத்தோடு என் கல்யாணம் முடிந்தது. பயந்தாங்கொள்ளி என்று அவர் மேல் வெகுநாள் வருத்தம் இருந்தது.

பல வருஷம் கழித்து, போன ஆவணியில் அவர் மகள் கல்யாணத்துக்குப் போனேன். மண்டபத்தில் ஒரு ஸ்பீக்கர் பெட்டிகூடக் கட்டவில்லை; எல்லாம் வெளியே நின்ற அவர் வண்டியிலேயே இருந்தன. “சட்டம் நம்ம பக்கம் மாமா” என்றேன்.

“அன்னிக்கே சொன்னியே கண்ணு, மறப்பனா? சட்டம் வந்து சேர்ற வரைக்கும் செட்டைப் புடிச்சுக்கிட்டு நிக்கறது நானல்லொ.”

“செட்டைக் கட்டுங்க, நான் பக்கத்துலயே உக்காந்துக்கறேன்” என்றேன். மாமா வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கினார். அன்று மாலை முழுக்க ஆம்ப்ளிஃபையர் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டு ஓடியது. வாசலில் தெரியாத முகம் தெரிந்தபோதெல்லாம் மாமாவின் கை சத்தம் குறைக்கும் திருகுக்குப் போனது.