மைலேஜும் சந்தேகமும்

டூவீலர் சர்வீஸ் சென்டருக்கு யாரும் வண்டியை மட்டும் கொண்டுவருவதில்லை; கூடவே ஒரு சந்தேகத்தையும் கொண்டுவருகிறார்கள். கடலூரில் நாலு வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தேன், இப்போது சிதம்பரத்தில். ஊரே கிலோமீட்டருக்கு மாறினாலும் மைலை மட்டும் யாரும் விடவில்லை. என்னைப் போல் கவுண்டரில் திட்டு வாங்கும் சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா!

நூறு மில்லி

கம்மாபுரத்து வாத்தியார் ஒருவர், சர்வீஸ் விட்ட பிறகு மைலேஜ் குறைந்துவிட்டது என்று வந்தார். டேங்க்கை வடித்து, நூறு மில்லி பெட்ரோல் அளந்து ஊற்றி, அவரைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டினேன். ஆறு கிலோமீட்டர் தாண்டித்தான் வண்டி நின்றது. லிட்டருக்கு அறுபது! வெயிலில் தள்ளிக்கொண்டு திரும்பும்போது வாத்தியார் யோசனையாகவே வந்தார்.

“வண்டி சரிதான் தம்பி. பெட்ரோல்ல என்னத்த கலந்து ஊத்துனீங்க?”

எக்ஸ்ட்ரா மைல்

“கஸ்டமருக்காக எக்ஸ்ட்ரா மைல் போகணும், கேட்டதுக்கு மேலயும் செய்யணும்” என்று மேனேஜர் மீட்டிங்கில் சொன்னார். நானும் நம்பி, சர்வீஸுக்கு வந்திருந்த ஒரு பேராசிரியரின் ஸ்கூட்டரைக் கழுவித் துடைத்து அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸுக்கே ஓட்டிப்போனேன். அவர் கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடியே சென்டருக்குப் போன் போட்டு என் பெயரை விசாரித்தார். பிறகு வெளியே வந்து வண்டியை மூன்று சுற்று சுற்றினார்.

“கூப்புடாம வந்திருக்கீங்க, காசும் வேணாங்கறீங்க. உள்ள எந்த பார்ட்ட மாத்துனீங்க?”

பன்னிரண்டு கிலோமீட்டர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு அம்மா கணவரின் பைக்கை ஓட்டிவந்தார். கையில் காலண்டர் தாள். அதன் பின்பக்கம் ஒரு மாதத்து மீட்டர் கணக்கு. “அவரு கடலூருக்கு வேலைக்குப் போய் வர ஒரு நாளைக்குத் தொண்ணூறுதான். மீட்டர் நூத்தி ரெண்டு காட்டுது. மீட்டர் தப்பா சார்?” என்றார்.

ஓட்டிப் பார்த்தேன். மீட்டர் சரி. உண்மையைச் சொன்னால் ஒரு குடும்பம் உடையுமோ என்று, அப்புறம் வரச் சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் அந்த அம்மா கணவரோடு வந்தார். அந்த மனுஷர் என் காதோரம், “மீட்டர் தப்புன்னு சொல்லுங்க மச்சான்” என்றார். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “மீட்டர் சரியாத்தாம்மா இருக்கு” என்றேன்.

கணவர் மெல்லச் சொன்னார்: “தங்கச்சி வீட்டுக்குப் போறேன். காதல் கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு நம்ம வீட்ல ஒதுக்கிட்டாங்க. இப்ப மாசமா இருக்கா. தெனம் ஓட்டல் சாப்பாடு வாங்கிக் குடுத்துட்டு வரேன்.”

அந்த அம்மா காலண்டர் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

“நாளைக்கு நானே சமைச்சு எடுத்துக்கிட்டு உங்க பின்னாடி உக்காந்து வரேன். தங்கச்சிதானான்னும் பாத்துடறேன்.”

இத்தனையும் பார்த்த பிறகு, என் சொந்த வண்டியை வேறு மெக்கானிக்கிடம் விடும்போதெல்லாம் மீட்டரைச் செல்போனில் படம் பிடித்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கிறேன்.