துரைசாமிக்குச் சுருட்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காவல் தெய்வம் ஒரு வெள்ளைக்காரன். நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு மேலே, கற்பூரமரங்களுக்கு நடுவே அவன் கல்லறை. சிலோனிலிருந்து வந்து குடியேறிய எங்கள் சனம், கல்லில் வாளும் குதிரையும் செதுக்கியிருப்பதைப் பார்த்து, பெரிய வீரன் என்று முடிவுகட்டிச் சுருட்டும் பிராந்தியும் படைக்க ஆரம்பித்தது. துரைசாமி என்று பெயரும் வைத்தாயிற்று. யார், என்ன என்று விசாரிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

என் தம்பி வடக்கே பனிமலையில் சுரங்கம் தோண்டும் வேலைக்கு மேஸ்திரியாகப் போனான். பக்கத்து வீட்டு அத்தையின் ஒரே மகனையும் கூட்டிக்கொண்டு போனான். "உன்னைய நம்பித்தான்டா அனுப்பறேன்" என்று அத்தை அழுதாள். அதிலிருந்து அம்மாவும் அவளும் வெள்ளி தவறாமல் துரைசாமிக்குச் சுருட்டு வைத்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, கோயம்புத்தூரிலிருந்து சுற்றிப்பார்க்க வந்த சரித்திர வாத்தியார் ஒருவர் கல்லைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"ஏனுங்கம்மா, இந்தாளையா கும்பிடறீங்க? பனிமலை நாட்டப் புடிக்கறேன்னு படையோட போயித் தோத்து, மூட்டை தூக்குன நம்ம சனத்தையெல்லாம் பனியில உட்டுப்போட்டுக் குதிரையேறி ஓடியாந்தவனுங்கம்மா இவன். உட்டுட்டு வரமாட்டேன்னு நின்ன சின்னத் தளபதி அங்கயே செத்தான். பழியெல்லாம் செத்தவன் தலையில. இவனுக்குப் பென்சனும் பங்களாவும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுருட்டைத் தூக்கி எறியப் போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஓடியாச்சும் வந்தான்ல? எம்புள்ளையவும் அப்படிக் கொண்டாந்து சேத்தாப் போதும்டி."

அத்தை பக்கத்தில்தான் நின்றாள். அம்மாவுக்கு அது உறைக்கவே இல்லை. அத்தை தன் சுருட்டை மட்டும் எடுத்து மடியில் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அந்த வருஷமே சுரங்கம் இடிந்தது. அத்தை மகனின் உடம்புகூடக் கிடைக்கவில்லை. தம்பி ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தான். கதவைச் சாத்திக்கொண்டு எங்களிடம் சொன்னான்: "உள்ள இருந்து அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டாம்மா. நான் ஓடியாந்துட்டேன். மேல தாங்கற முட்டுக்கட்டைய அவன்தான் சரியா வைக்கலன்னு ஆபீசுலயும் சொல்லிட்டேன்."

"வெளிய மூச்சு விட்றாத" என்றாள் அம்மா. பாவி, அவனுக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள்.

சாயங்காலம் அத்தை வந்தாள். அழுது அழுது குரலே இல்லை. தம்பி எதிரில் உட்கார்ந்தாள்.

"கடைசி நேரத்துல நீ அவன் பக்கத்துல இருந்தியாய்யா?"

அம்மா என்னை முறைத்தாள். தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான், "இருந்தேன் அத்தை."

"அது போதும்யா எனக்கு" என்று அவன் இடது கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள் அத்தை.