அப்பாவின் மெயில் வெளியே போகவில்லை

காக்ஸ் டவுன் வீட்டில் சொந்தமாக ஒரு மெயில் சர்வர் வைத்திருந்தேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய கம்ப்யூட்டர், குடும்பப் பெயரில் முகவரி. பிறர் தயவு வேண்டாம் என்ற திமிர்தான், வேறொன்றுமில்லை. நான் ஆபீஸ் மெயிலோடு சரி. சர்வரை உண்மையில் பயன்படுத்தியவர் ஓய்வுபெற்ற ஆசிரியரான அப்பா ஒருவர்தான். கனடாவில் இருக்கும் அக்காவுக்கு எழுதுவார். போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் இருவருக்கும் சண்டை வந்துவிடும். எழுத்தில் மட்டும் பிரியமாக இருந்தார்கள்.

போன வருடம் இன்டர்நெட் கம்பெனியை மாற்றினேன். புதிய கம்பெனி, வீட்டு சர்வர்களிலிருந்து மெயில் நேராக வெளியே போவதைத் தடுத்து வைத்திருந்தது. உள்ளே வருவதற்குத் தடையில்லை. இப்படிப்பட்ட இடத்தில், வெளியிலுள்ள பெரிய சர்வர் ஒன்றில் கணக்குத் தொடங்கி, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து அதன் வழியாக அனுப்ப வேண்டும். ரிலே என்பார்கள். அரை மணி நேர வேலை. ஆபீசில் எத்தனையோ முறை செய்தவன், சொந்த வீட்டுக்கு அது வேண்டுமா என்று யோசிக்கக்கூட இல்லை.

நவம்பரில் ஒருநாள் அப்பா தன் கன்னடம் கலந்த தமிழில் கூப்பிட்டார். "அக்காகிட்டருந்து பதிலே இல்ல. மெயில் போகுதான்னு ஸ்வல்ப பாருடா."

எனக்கு எரிச்சல். அவர் கணக்கிலிருந்து என் வீட்டு முகவரிக்கே ஒன்று அனுப்பினேன். கண் மூடித் திறப்பதற்குள் வந்து விழுந்தது. ஒரே சர்வருக்குள் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போகும் மெயில் வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை. இதைச் சோதனை என்று ஆபீசில் யாராவது காட்டியிருந்தால் கிழி கிழியென்று கிழித்திருப்பேன். அப்பாவிடம், மெயில் நன்றாகப் போகிறது, அக்காதான் பதில் போடவில்லை என்று சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, சரி என்றார். அதற்கப்புறம் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் வந்து போனது. பிப்ரவரியில் மாரடைப்பு வந்து அப்பா போய்விட்டார்.

அடக்கத்துக்கு அக்கா வந்தாள். மூன்றாம் நாள், கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா என்று அப்பாவுக்கு எழுதியதாகவும், ஒரு வரி பதில்கூட வராததால் டிக்கெட் போடவில்லை என்றும் சொன்னாள்.

மாடிப்படிக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். போய்ச் சேராமல் திரும்பும் மெயில்கள் அப்பாவைக் குழப்பும் என்று, அவற்றை நான்தான் தனிப் பெட்டி ஒன்றுக்குத் திருப்பிவிட்டிருந்தேன். அதைத் திறந்து பார்த்ததே இல்லை. ஏழு கிடந்தன. முதலாவதில், "வாம்மா. உன் அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டேன்." கடைசியில் ஒரே வரி: "அப்பா மேல் கோபமா?"

அப்போதுதான் ரிலேயை அமைத்தேன். கணக்கு, பாஸ்வேர்டு, சர்வரை மறுபடி கிளப்பியது, எல்லாம் இருபது நிமிடம். அந்த ஏழு மெயில்களையும் அக்காவுக்கு அனுப்பினேன். அக்காவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டியிருக்கலாம்தான். அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கையில் போனோடு அவளே வந்து நின்றாள். நடந்ததையெல்லாம் சொன்னேன், நான் செய்த சோதனை உட்பட.

"நான்தான் பதில் போடலன்னு அப்பா நம்பிட்டாராடா?"

"நம்பிட்டாருக்கா," என்றேன். "சொன்னது நானாச்சே."