இடது பக்கச் சக்கரம்

இது நடந்தது. இட்டுக்கட்டியது இல்லை. அந்தக் காரில் போன மூன்று பேரையும் தனித்தனியாக விசாரித்தாயிற்று. அவர்களில் பரசுராமன் கொஞ்சம் பெருமை பேசுகிறவன், அது ஊருக்கே தெரியும். ஆனால் இந்த விஷயத்தில் அவனுக்குப் பெருமை ஒன்றும் இல்லை. பெருமை இல்லாத கதையை அவன் கட்ட மாட்டான்.

ராத்திரியில் நடந்ததும் இல்லை. பட்டப்பகல். விளம்பி வருஷம், சித்திரை பத்தாம் தேதி, புதன்கிழமை. அவன் கையில் கடிகாரம் இருந்ததால் மணி கூடச் சரியாகத் தெரியும். அது கல்யாணத்தில் மாமனார் போட்ட கடிகாரம். மாமனார் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. கடிகாரம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

பரசுராமன் திருவண்ணாமலையில் அப்பாதுரையின் மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், குமாஸ்தா. அவன் மனைவி கஸ்தூரி தலைப்பிரசவத்துக்காக அடி அண்ணாமலையில் தாய்வீட்டில் இருந்தாள். அன்று காலை பத்து மணிக்குப் பால்காரன் மண்டிக்கு வந்து சொன்னான். விடியற்காலையிலிருந்தே வலியாம். மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டுக் குழந்தை குறுக்கே கிடக்கிறது, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விடுங்கள் என்று கையை விரித்துவிட்டாளாம்.

முதலாளி அப்பாதுரை நல்ல மனுஷன். "என் காரை எடுத்துனு போ. டிரைவரையும் கூட்டினு போ" என்றார். பழைய பிளைமவுத் கார். வேலூரிலிருந்து வாங்கியது. படகு மாதிரி இருக்கும்.

டிரைவர் கபாலி துணியால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். பரசுராமன் அதற்குள் சாவியை வாங்கி ஏறி உட்கார்ந்துவிட்டான். ஆறு மாசமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் காரை ஓட்டிப் பழகியிருந்தான். மாமியார் வீட்டு வாசலில் தானே ஓட்டிக்கொண்டு போய் இறங்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

"நானும் வரேன்பா" என்றான் கபாலி.

"ஏன், எனக்கு ஓட்டத் தெரியாதா?"

"ஓட்டுவே. வழியில நின்னுச்சின்னா? டயர் போச்சின்னா நீயா கை வைக்காத. இந்த வண்டிக்கு இடது பக்கத்துல ஒரு கிறுக்கு இருக்குது. இன்னான்னு கேட்டுனு போ..."

"கிறுக்கு உனக்குத்தான்" என்று பரசுராமன் கிளப்பிவிட்டான். கபாலி இன்னும் ஏதோ கத்தியது புகையில் கரைந்துபோயிற்று.

மணி 10.55. அடி அண்ணாமலை.

கஸ்தூரியை மெல்ல நடத்திக் கொண்டுவந்து பின் சீட்டில் படுக்க வைப்பதற்குள் அரை மணி நேரம் போயிற்று. முகம் வெளுத்திருந்தது. போன மாசம்தான் வளைகாப்பு நடந்தது. இரண்டு கையிலும் பச்சைக் கண்ணாடி வளையல்கள். வலி வரும்போதெல்லாம் அவை நடுங்கிச் சத்தம் போட்டன.

மாமியார் கன்னியம்மாள் முன்னால் ஏறிக்கொண்டாள். அந்த வீட்டில் மாமியார் மாப்பிள்ளையிடம் நேராகப் பேசும் வழக்கம் இல்லை. பேச வேண்டியதை மகளிடமோ, மாட்டிடமோ, மரத்திடமோ சொல்வாள். மாப்பிள்ளை காதில் விழுந்துவிடும்.

வடக்கு வழியாகப் போனால் டவுன் கிட்டே. ஆனால் அந்த வழி குண்டும் குழியும். தெற்கே திரும்பிக் கொஞ்ச தூரம் போனால் செங்கம் ரோடு, தார் ரோடு. பரசுராமன் தெற்கே திருப்பினான்.

"கஸ்தூரி, மலைய இடமா வச்சிப் போறாங்களே. யாராவது போவாங்களா இப்படி?" என்றாள் கன்னியம்மாள்.

அவள் சொன்னது சரிதான். மலையை வலமாக வைத்துத்தான் சுற்றுவார்கள். நடக்கும்போதும் ரோட்டின் இடது ஓரமாக நடப்பார்கள். மலையை ஒட்டின ஓரத்தை விட்டுவிடுவார்கள். அந்த ஓரம் கண்ணுக்குத் தெரியாதவர்கள் நடக்கிற இடம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"கார் என்ன கிரிவலமா போவுது, ஆஸ்பத்திரிக்குப் போவுது" என்றான் பரசுராமன்.

மணி 11.35. தார் ரோடு இன்னும் வரவில்லை. டப்.

கார் மலைப் பக்கமாக இழுத்துக்கொண்டு போய் நின்றது. இறங்கிப் பார்த்தான். முன் சக்கரம், இடது பக்கம். ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. அந்தப் பக்கம் பொட்டல். இந்தப் பக்கம் மலை.

"பத்து நிமிஷம்" என்றான். "ஸ்டெப்னி இருக்குது. மாத்திடுவேன்."

ஜாக்கியை வைத்துத் தூக்கினான். போல்ட்டில் ஸ்பானரை மாட்டித் திருகினான். சக்கரமே சேர்ந்து சுற்றியது. மறுபடி காரை இறக்கினான். அதிலேயே பத்து நிமிஷம் போயிற்று.

கார் உருளாமல் இருக்கப் பின் சக்கரத்துக்குக் கல் வேண்டும். கன்னியம்மாள் இறங்கிப் போய் ஒரு கருங்கல்லைப் புரட்டி வைத்து, அது நகராமல் காலால் மிதித்துக்கொண்டு, தலையில் முந்தானையைப் போட்டபடி நின்றாள்.

எல்லா போல்ட்டும் இடப்பக்கமாகத் திருகினால்தான் கழலும். அது உலகத்துக்கே தெரிந்தது. அவனும் இடப்பக்கமாகத்தான் திருகினான். அசையவில்லை. ஸ்பானர் கம்பியின் மேல் ஏறி நின்றான். அசையவில்லை. ஏறிக் குதித்தான்.

டக்.

போல்ட்டின் தலை முறிந்து காலடியில் விழுந்தது. ஐந்தில் ஒன்று போயிற்று.

"அந்த ஸ்பானரு என்ன பாவம் பண்ணுச்சோ" என்றாள் கன்னியம்மாள், மலையைப் பார்த்து. "மேல ஏறிக் கூத்தாடினா நட்டு கழலுமா, வைகுண்டம்தான் தெரியும்."

"அத்த, கொஞ்சம் சும்மா இருங்க."

"நான் யாரையும் சொல்லலியே. மலையாண்டதான் பேசினு இருக்கேன்."

இரண்டாவது போல்ட். ஸ்பானர் வழுக்கியது. முழங்கால் எலும்பில் அடித்துத் தோல் உரிந்தது. உள்ளே கஸ்தூரி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். அவன் கை எண்ணெய்ப் பிசுக்கு, கண்ணில் வியர்வை, மணி 12.03. ராகு காலம் பிறந்துவிட்டது. இவ்வளவு பெரிய காரை ஓட்டத் தெரிந்தவனுக்கு ஒரு போல்ட்டைக் கழற்றத் தெரியவில்லை. நடந்து டவுனுக்குப் போனால் ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுவரை அவள் தாங்குவாளா? கபாலியைக் கூட்டி வந்திருந்தால்...

அந்த நினைப்பு வந்ததும் ஆத்திரம் தாங்கவில்லை. ஸ்பானரைத் தூக்கி மலைப் பக்கம் வீசினான். அது புதருக்குள் போய் விழுந்தது.

விழுந்த சத்தம் கேட்கவில்லை.

அதை அவன் அப்போது கவனிக்கவில்லை. பின் சீட்டில் ஒரு குரல் கேட்டது. "தோ ஆயிடுச்சி, ஆயிடுச்சி. மூச்சை விடு. ஆச்சி." மெல்லிய குரல். கூடவே வளையல் சத்தம். அத்தை உள்ளே போய்விட்டாள் போல, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு ஸ்பானரை எடுக்கப் போனான்.

புதர் ஓரத்தில் ஒருவன் நின்றிருந்தான். காக்கிச் சட்டை. கையில் ஸ்பானர். நீட்டினான்.

மணி 12.12. இது எப்படித் தெரியும் என்றால், ஸ்பானரை வாங்கும்போது கடிகாரம் கண்ணுக்கு நேராக வந்தது.

உச்சி வெயிலில் கிடந்த இரும்பு. கிணற்றிலிருந்து எடுத்தது போலச் சில்லென்று இருந்தது.

"வலமா" என்றான் அந்த ஆள்.

"என்னாது?"

"வலமாத் திருப்பு. கழலும். இடமா திருப்பினா இறுகும். இந்தப் பக்கம் மட்டும் அப்படி."

பரசுராமன் நம்பாமல்தான் மாட்டினான். வலப்பக்கமாக ஒரு தள்ளு. கீச் என்று கூடச் சொல்லவில்லை. கழன்றது. அடுத்தது. அடுத்தது. நான்கும் கையோடு வந்துவிட்டன. சந்தோஷத்தில் அவனுக்கு அழுகையே வந்தது.

மறுபடி ஜாக்கியை வைத்துத் தூக்கினான். சக்கரத்தை உருவினான்.

"ஜாக்கி நிக்காது" என்றான் அந்த ஆள். "நான் புடிச்சிக்கறேன்."

குனிந்து காருக்கு அடியில் போனான். போகும்போதுதான் பரசுராமன் பார்த்தான். காக்கிச் சட்டை மார்புப் பக்கம் உள்வாங்கி இருந்தது. உள்ளே எலும்பே இல்லாதது போல... ரொம்ப ஒல்லியான ஆள் என்று நினைத்துக்கொண்டான்.

பாதம் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வெறும் பாதம். கொதிக்கிற சரளை ரோட்டில் நடந்து வந்த பாதம்.

ஒரு துளி மண் இல்லை.

ஸ்டெப்னியைத் தூக்கிப் பொருத்தினான். முதல் போல்ட். பின் சீட்டில் வளையல் சத்தம்.

இரண்டாவது போல்ட். வளையல் சத்தம்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அத்தை தாலி அறுத்தவள். ஒரு வருஷமாக அவள் கையில் வளையல் இல்லை.

தலையைத் தூக்கிப் பார்த்தான். காருக்குப் பின்னால், முந்தானையைப் போட்டுக்கொண்டு, கல்லை மிதித்தபடி, கன்னியம்மாள் அப்படியே நின்றிருந்தாள்.

மூன்றாவது போல்ட். அது கை தவறிக் கீழே விழுந்து உருண்டது. எடுக்கக் குனிந்தான்.

ஜாக்கி பக்கவாட்டில் சாய்ந்து மண்ணில் கிடந்தது.

கார் இறங்கவில்லை.

நின்றது... அந்தரத்தில்.

"சீக்கிரம்" என்றது அடியிலிருந்து குரல்.

திருகினான். இடமாக. இறுகியது.

நான்காவது.

"ஆச்சா?"

பரசுராமன் தலையை மட்டும் ஆட்டினான். அடியில் இருக்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்?

கார் இறங்கியது. டமால் என்று இல்லை. தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துவார்களே, அந்த மாதிரி.

பாதங்கள் இல்லை.

மண்டி போட்டுப் பார்த்தான். காருக்கு அடியில் ஒருவரும் இல்லை. ஜாக்கி மட்டும் கிடந்தது. அதை எடுக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. அங்கேயே விட்டுவிட்டு ஏறினான். மணி 12.31.

கன்னியம்மாள் வந்து உட்கார்ந்தாள். பழக்கத்தை மறந்து முதல் தடவையாக அவனிடமே நேராகப் பேசினாள்.

"மாப்ள, யார்கிட்ட பேசினு இருந்தீங்க?"

அவன் காரைக் கிளப்பினான். கண்ணாடியில் பின் சீட்டைப் பார்க்கவே இல்லை.

12.55க்கு ஆஸ்பத்திரி. உள்ளே கொண்டு போன அரை மணி நேரத்தில் குழந்தை பிறந்துவிட்டது. பெண். குழந்தை குறுக்கே கிடந்ததாகச் சொன்னீர்களே, தலை சரியாகத்தானே இருந்தது, யாராவது வழியில் வயிற்றை நீவிவிட்டார்களா என்று நர்ஸம்மா கேட்டாள். யாரும் இல்லை என்றாள் கன்னியம்மாள்.

நர்ஸம்மா கஸ்தூரியின் கை வளையல்களைக் கழற்றி ஒரு தட்டில் வைத்திருந்தாள். கன்னியம்மாள் அவற்றை எண்ணி முந்தானையில் முடிந்தாள். வாங்கினவள் அவள்தான். வலக்கைக்குப் பதினொன்று, இடக்கைக்குப் பத்து. எண்ணினால் இருபத்திரண்டு இருந்தது.

இருபத்தொன்று பச்சை. ஒன்று அரக்குச் சிவப்பு.

சாயந்தரம் கபாலி காரை எடுத்துப் போக வந்தான். சக்கரத்தைப் பார்த்தான். முறிந்த போல்ட்டைத் தடவினான்.

"இடது பக்கம் மரை மாறி, திருப்பு தலகீழா இருக்கும்னு சொல்ல வந்தேன். நீதான் நிக்கலியே. அப்பறம் எப்படிக் கழட்டினே?"

பரசுராமன் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். கபாலி சிரிக்கவில்லை. குனிந்து காருக்கு அடியில் பார்த்தான்.

"அவன் பேரு சுப்பன்" என்றான் நிமிர்ந்ததும். "இந்த வண்டிய நம்ம மொதலாளி வாங்கறதுக்கு முன்னாடி ஓட்டினவன். நாலு வருஷம் ஆவுது. வண்டிய வச்சிருந்த வேலூர்க்காரர் வூட்டு மருமவள, இங்க தாய் வூட்டுல வலி எடுத்து இட்டுனு வந்தான், அதே வழியில. இதே சக்கரம். ஜாக்கி சாஞ்சி, அடியில மாட்டிக்கினான். உச்சி வேள, ஒருத்தரும் வரல. பொழுது சாய ஆடு மேய்க்கறவன் பாத்தப்போ அவனும் உசுரோட இல்ல. பின் சீட்டுல அந்தப் பொண்ணும் இல்ல. வயித்துல இருந்ததும் இல்ல."

பரசுராமன் காரை விட்டு ஓரடி தள்ளி நின்றான்.

"வண்டி வாங்கினப்போ நான்தான் கழுவினேன்" என்றான் கபாலி. "சீட்டு சந்துல வளையல் துண்டா வந்துச்சி. அள்ள அள்ள வந்துச்சி. அத்தினியும் அரக்குச் செவப்பு."

இதையெல்லாம் கஸ்தூரியிடம் யாரும் சொல்லவில்லை. பச்சை உடம்புக்காரி, பயந்துவிடுவாள் என்று மறைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் அவளேதான் கேட்டாள்.

"அம்மா, கார்ல என் பக்கத்துல ஒருத்தங்க உக்காந்து கையப் புடிச்சினு இருந்தாங்களே. வயித்த நீவி விட்டாங்களே. அவங்களுக்கும் மாசம்தாம்மா. எந்த ஆஸ்பத்திரியில சேத்தீங்க?"

கன்னியம்மாள் குழந்தையைப் போர்த்தியிருந்த துணியை இழுத்துவிட்டாள்.

"நான் வலி தாங்காம அழுதேன். அவங்க தன் கையில இருந்து ஒரு வளையல என் கையில போட்டு, 'மொதல்ல நீ பெத்துக்க. நான் காத்துனுதான் இருக்கேன்'னு சொன்னாங்க" என்றாள் கஸ்தூரி. "பாவம், பொறந்துச்சாம்மா அவங்களுக்கு?"