புதன்கிழமைச் சங்கு

“தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு? எங்க, உங்க உடம்புலயே காட்டுங்க” என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் கைப்பைக்குள் சாக்பீஸைத் துழாவினார். சலவைக் கடைக்காரர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அந்த உயரத்துக்குச் சுவரில் ஒரு கோடு விழுந்தது. பக்கத்து வீட்டுப் பெண் இடுப்பைக் காட்டினாள். அங்கே இன்னொரு கோடு.

வெள்ளம் வடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தண்ணீரின் உயரம் கோப்பில் புள்ளி பிசகாமல் இருந்தது. ஆனால் தெருவைப் பார்த்த பிறகுதான் அவர் கோப்பைப் பிரிப்பார். மாறிவரும் மழைக்கும் வெயிலுக்கும் ஊர்களைத் தயார்ப்படுத்த அரசு போடும் திட்டங்களைச் சில வருடம் கழித்துப் போய் எடைபோடுவது அவர் தொழில். “கட்டினாங்களான்னு பாக்க ஆயிரம் பேர் இருக்காங்க. கட்டினது உதவுச்சான்னு பாக்கத்தான் நான்” என்பார்.

அலுவலகங்களில் அவருக்குச் சாக்பீஸ் அம்மா என்று பெயர். அவர் வருகிறார் என்றால் திரைச்சீலை வரைக்கும் துவைத்துப் போடுவார்கள். அவரோ நேரே போய்க் கழிப்பறைத் தாழ்ப்பாள் விழுகிறதா என்று பார்ப்பார். எழுதுவது பென்சிலில்தான், மழையில் மை கரைந்துவிடுமாம். அறுபதை நெருங்கும் வயதில், படிகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறுவார்.

மூன்று நாளாக அவர் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார் சங்குப் பொறியாளர். ஊரின் அபாயச் சங்கு அவர் பொறுப்பு. புதன்கிழமை தோறும் பதினொரு மணிக்கு அதை மூன்று நிமிடம் ஊதிப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஆறு வருடத்தில் ஒரு வாரம் தவறியதில்லை. மகளின் கல்யாணமே ஒரு புதன்கிழமையில்தான் நடந்தது. சம்பந்தி வீட்டாரைப் பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டு ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்திவிட்டு வந்தார். மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

வெள்ளத்தன்றும் சங்கு சரியாக ஊதியது. “எச்சரிக்கை உரிய நேரத்தில் ஒலித்தது” என்று கோப்பும் சொன்னது. அப்படியும் ஆற்றோரத் தெருவில் ஒருவர்கூட மாடி ஏறவில்லை. ஜனங்களுக்கு அக்கறை கிடையாது என்று அலுவலகத்தில் அப்போதே முடிவு கட்டிவிட்டார்கள்.

“சங்கு கேக்கலையா?” என்றார் சாக்பீஸ் அம்மா.

“நல்லாக் கேட்டுச்சும்மா. அன்னிக்குப் புதன்கிழமை. மணியும் பதினொண்ணு. வெயில் வேற சுள்ளுன்னு அடிக்குது, மழை பெஞ்சது எங்கயோ மலையில. வழக்கமா ஊதுறதுதானேன்னு நான் பாட்டுக்குத் தேச்சுக்கிட்டு இருந்தேன். என்னடா இது நிக்காம ஊதுதேன்னு தலையத் தூக்கினா, வாசல்ல தண்ணி.” கடைக்காரர் பின்னறையைப் பார்த்தார். “எங்கண்ணன் கால்ல கட்டுப் போட்டு உள்ள படுத்திருந்தாரு. ஒரு அஞ்சு நிமிஷம் முன்னாடி புரிஞ்சிருந்தா தூக்கிட்டு மேல போயிருப்பேன்.”

 முந்நூறு புதன்கிழமைகளாக, ஒன்றுமில்லை, வேலையைப் பாருங்கள் என்று தெருவுக்குச் சொல்லிக்கொடுத்தது பொறியாளரின் கைதான்.

அன்று மாலை அவரே சங்கு ஊதும் விதி அச்சடித்த தாளை எடுத்துக்கொண்டு போய் நீட்டினார். “என் மேல தப்புன்னுதானே எழுதுவீங்க, மேடம்? எழுதுங்க. நான் இல்லேன்னு சொல்லல.”

சாக்பீஸ் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஒரு முறை, மறுபடி ஒரு முறை. ‘ஒரே கிழமையில், ஒரே நேரத்தில், தவறாமல்’ என்ற வரியில் விரல் நின்றது.

“இந்த வரி என்னோடது சார்” என்றார். “ஒன்பது வருஷம் முன்னாடி வேற ஒரு ஊர்ல சங்கு துருப்பிடிச்சுக் கெடந்துச்சு. அதைப் பார்த்துட்டு நான் எழுதின பரிந்துரை. மிஷினைப் பத்தி யோசிச்சேன். கேக்குறவங்களைப் பத்தி யோசிக்கல.”

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பொறியாளரையும் கூட்டிக்கொண்டு சலவைக் கடைக்குத்தான் போனார். அந்த விதியை எழுதியது தான்தான் என்று நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை, ‘ஆனால்’ என்று ஒரு வார்த்தை இல்லை. பொறியாளர் இருபத்தெட்டு வருட உத்தியோகத்தில் எத்தனையோ விசாரணைகளைப் பார்த்தவர். பழி மேலிருந்து கீழே உருண்டு வருவதைத்தான் பார்த்திருந்தார். யாரும் கேட்காமலே ஒருவர் அதைத் தேடி எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொள்வதை அன்றுதான் பார்த்தார். 

கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்தார். “நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரியவா போகுது? எதுக்கு வந்து சொல்றீங்க?”

“நான் சொல்லலைன்னா தெரியாதுன்னுதான் வந்தேன்.”

“எங்கண்ணன் இருந்திருந்தா உங்களை நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டிருப்பாரு. வாய் ஜாஸ்தி அவருக்கு.”

“நீங்க கேளுங்க.”

“எனக்கு வரமாட்டேங்குது” என்றார் அவர். பிறகு, துளைத்துப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, “மத்த ஊர்லயும் இப்படித்தான் ஊதுறாங்களா?” என்று கேட்டார்.

“பதினெட்டு ஊர்ல.”

“அப்ப அங்க போய்ச் சொல்லுங்க, முதல்ல.”

அடுத்த மாதம் பதினெட்டு ஊர் அதிகாரிகளையும் ஓர் அரங்கில் கூட்டினார்கள். கற்ற பாடங்களைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டம் என்று பெயர். வழக்கமாக அங்கே அழகான படங்கள் ஓடும், கை தட்டுவார்கள், கலைவார்கள். சாக்பீஸ் அம்மா மேடையேறித் தன் பழைய பரிந்துரையைப் பக்க எண்ணோடு படித்தார். அதனால் ஓர் உயிர் போனதைச் சொன்னார். யார் உயிர் என்பதையும் சொன்னார்.  இயக்குநர் தண்ணீர்க் குவளையை எடுத்தவர் குடிக்காமலே வைத்துவிட்டார். நான்காவது வரிசையில் சாக்பீஸ் அம்மா அழைத்து வந்திருந்த சலவைக் கடைக்காரரும், அவர் பக்கத்தில் பொறியாளரும் உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் துறைமுக ஊரின் அதிகாரி எழுந்தார். “அப்ப நாங்க எங்க சங்கை எப்படித்தான் ஊதிப் பார்க்கிறது, மேடம்? நீங்களே சொல்லிடுங்க, அப்படியே செஞ்சிடுறோம்.”

“போன தடவையும் இப்படித்தான் கேட்டாங்க. நானும் சொன்னேன்” என்றார் சாக்பீஸ் அம்மா.

அவர் மேடையிலிருந்து இறங்கி நான்காவது வரிசைக்கு வந்தார். கடைக்காரர் மிரண்டுபோய்ப் பொறியாளரின் கையைப் பிடித்துக்கொண்டார். பொறியாளர் மெல்ல அவர் முதுகில் தட்டி எழுப்பிவிட்டார். சாக்பீஸ் அம்மா கடைக்காரரை மேடைக்குக் கூட்டிப்போய், குள்ளமான அந்த மனிதரின் வாய்க்கு நேராக ஒலிவாங்கியைத் திருகி இறக்கினார். பிறகு, காலியாகக் கிடந்த அந்த நான்காவது வரிசை நாற்காலியில் வந்து உட்கார்ந்து, பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டார்.