போசில்கா வீட்டுப் புனிதர்கள்

துணிகளையெல்லாம் துவைக்கும் இயந்திரத்துக்குள் திணித்துவிட்டு, ஒரு சின்ன நீலச் சட்டையை மட்டும் போசில்கா திரும்ப எடுத்து மடித்து வெளியே வைக்கிறார்.

"கருகுன எண்ணெ வாடை அடிக்குது. இருந்தாலும் அது அவ வீட்டு வாடையாச்சே. அவளா கொண்டாந்து குடுக்கறவரைக்கும் தண்ணியில போடமாட்டேன்."

அவள் என்பது நெவேனா, ஏழு வயது. கோடையில் இங்கே வந்தவள். இதுவரை சட்டையைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

பேருந்து நிலையத்தில் பயணச்சீட்டு கொடுத்துக்கொண்டிருந்த போசில்கா, இப்போது அரசு அனுப்பும் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்து வளர்க்கிறார். கணவரின் கம்பளிக் காலுறைகளைத்தான் போட்டுக்கொள்வார். சீட்டாட்டத்தில் ஆறு வயதுப் பிள்ளையைக்கூட ஏமாற்றுவார், கையும் களவுமாகப் பிடிபட்டால் சத்தியம் செய்வார். பல ஆண்டு ஊர் சுற்றிவிட்டுத் திரும்பிய என்னை எதிர்வீட்டுச் சன்னலிலிருந்து, "என்னடி, பையப் பிரிச்சியா, இல்ல மறுபடியும் ரயிலா?" என்று தினமும் கேட்பவர்.

வந்த பிள்ளைகளின் கதைகளை அவர் சொல்லமாட்டார். தெருவுக்குத் தெரிந்தது கொஞ்சம். ஒருவனின் பெற்றோர் ஆஸ்திரியாவுக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். அவனைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா படுத்த படுக்கையாகிவிட்டார். இன்னொருத்தியின் அப்பா கைநீட்டுகிறவர். ரொட்டிக் கூடை எப்போதும் குழந்தைக்கு எட்டும் கீழ்த்தட்டில் இருக்கும். நெவேனா தலையணைக்குள் ஒளித்த ரொட்டித்துண்டு கையில் தட்டுப்பட்டால், சுத்தமான துணியில் சுற்றித் திரும்ப அங்கேயே வைத்துவிடுவார்.

"எடுத்துட்டா வேற எடத்துல ஒளிப்பா. இருக்கட்டும். நாளைக்கும் ரொட்டி இருக்கும்னு அவளுக்கே நம்பிக்கை வரணும், நான் சொல்லி வராது."

யாரும் அவரை அம்மா என்று கூப்பிடக்கூடாது. அத்தைதான். "அம்மான்னு ஒருத்தி இருக்காளே. குடிச்சாலும் ஜெயில்ல இருந்தாலும் அந்தப் பேரு அவளுக்குத்தான்."

கணவர் தீஹோமீர் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார். "இங்க எல்லாரையும் மாசாமாசம் புள்ளைங்க ஆபீசுலேருந்து வந்து, சௌக்கியமான்னு கேக்கறாங்க. என்னைய ஒரு நாய் கேக்கல."

எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் குலதெய்வம்போல ஒரு புனிதர் உண்டு. அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருவார். ஆண்டுக்கு ஒருநாள் அவர் படத்துக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றி, ரொட்டி சுட்டு, கதவைத் திறந்து வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து. போசில்கா வீட்டுக்குப் புனித ஜார்ஜ். ஆனால் வந்து தங்கும் பிள்ளைகளின் புனிதர்களுக்கும் அந்த வீட்டில் நாள் உண்டு. "புள்ள இங்க வந்துட்டா, அதோட சாமிய நடுத்தெருவுல விட்டுடறதா?"

நெவேனாவின் சாமிதான் தகராறு ஆயிற்று.

அவளுடைய அப்பா படகுக்காரர். டான்யூப் ஆற்றில் மூழ்கிப்போனார். அம்மா ரத்மிலா அதன்பின் குடியில் மூழ்கினார். பிள்ளை வேகவைக்காத மக்ரோனியை மென்றுகொண்டிருந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துத்தான் குழந்தைகள் நல அலுவலகத்துக்குச் சொன்னார். ரத்மிலா தானாகவே மருத்துவமனையில் சேர்ந்தார், குடியை விட்டார், இலையுதிர்காலத்தில் வீடு திரும்பினார். மகளைப் பார்க்க வரும் சந்திப்புகள் ஒழுங்காக நடந்தால் வசந்தத்தில் நெவேனா வீட்டுக்குப் போகலாம். பாதியில் எழுந்து போனாலோ வராமலிருந்தாலோ, அதையும் நீதிமன்றம் பார்க்கும்.

முதல் சந்திப்புக்கு நெவேனா வீட்டுப் புனிதரின் நாளையே விருந்தாக வைத்து ரத்மிலாவை அசத்திவிட போசில்கா நினைத்தார். யார் புனிதர் என்று நெவேனாவுக்குத் தெரியவில்லை.

"கோதுமை வேகவெப்பாங்களாடி, அந்த நாள்ல?"

"எங்க வீட்டுல கோதுமை கெடையாது, அத்தை."

போசில்காவுக்கு அது போதும். இறந்துபோன புனிதர்களுக்குத்தான் கோதுமையை வேகவைத்து அரைத்துச் சர்க்கரை போட்டு வைப்பது. அதிதூதர் மிக்கேல் தேவதூதர், சாகாதவர். அவர் நாளில் எங்கள் பக்கம் கோதுமை வைப்பதில்லை. ஆகவே மிக்கேல். நவம்பரில் படம் வாங்கி மாட்டினார், முட்டைகோஸ் இலையில் கறி வைத்துப் பொட்டலங்கள் உருட்டினார், பன்றிக்கறி வாட்டினார். என்னையும் பரிமாறக் கூப்பிட்டிருந்தார்.

ரத்மிலா யாருடையதோ ஒரு பெரிய மேலங்கியில் வந்தார். அலுவலகத்துப் பெண் ஒலிவேரா பின்னால் வந்தாள். மெழுகுவர்த்தியைப் பார்த்ததும் ரத்மிலா நின்றுவிட்டார்.

"இது யாருக்குக்கா?"

"உங்க வீட்டு நாளுக்குத்தான்! கோதுமை கெடையாதுன்னு புள்ள சொன்னா. அப்ப வேற யாரு, மிக்கேல்தானே?"

ரத்மிலா மகளைப் பார்த்தார், பிறகு தரையை. "எங்களுக்கு நிக்கோலா. கோதுமை இல்லாதது சாமியால இல்லக்கா. எம்புருஷன் போனதுலேருந்து நான் அடுப்பே பத்தவெக்கல." கைப்பையை எடுத்துக்கொண்டார். "நான் கெளம்பறேன்."

நெவேனா தட்டிலிருந்த ரொட்டியை எடுத்து மெதுவாகச் சட்டைக்குள் நுழைத்தாள். ஒலிவேரா கதவையும் போசில்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். போசில்காவின் முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது.

"தப்பு என்னோடது" என்றார். "ஒன்னையக் கேக்காம கொழந்தையக் கேட்டேன் பாரு. உக்காரு ரத்மிலா. பன்னிக்கறிக்கு எந்தச் சாமின்னு தெரியாது, ஆறிப்போகும். நிக்கோலா டிசம்பர்லதானே? அன்னைக்குக் கோதுமைய நீ கொண்டா. நான் வெச்சா கல்லாயிடும்."

"அது சத்தியம்" என்றார் தீஹோமீர். "போன வருஷம் எம்பல்லு ஒண்ணு அதுலதான் போச்சு." வாயைத் திறந்து இடைவெளியைக் காட்டவும் செய்தார்.

நெவேனாதான் முதலில் சிரித்தாள். ரத்மிலா மேலங்கியைக் கழற்றவில்லை. ஆனால் உட்கார்ந்தார்.

நிக்கோலா நாளன்று பனி கொட்டியது. வருவாரா என்று போசில்கா காலையிலிருந்து சன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்து, மீன் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டார். பேருந்து தாமதம். வழக்கமாக வையும் பேருந்துக்காரர்களை அன்று வையவில்லை. பிறகு, துணி சுற்றிய பாத்திரத்தை மார்போடு அணைத்தபடி ரத்மிலா பனியில் நடந்து வந்தார். கோதுமை அவர் வீட்டு அடுப்பில் வெந்தது. தாயும் மகளும் அதை அரைத்துக் குவித்து, மேலே அக்ரூட் பருப்பால் சிலுவை வைத்தார்கள்.

அதன்பின் ஒரு சங்கடம். கோதுமையை வீட்டுக்காரிதான் வாசலில் நின்று விருந்தாளிக்குக் கொடுக்கவேண்டும். ரத்மிலா தட்டை ஏந்தி அடுப்படி நடுவில் நின்றார். "வீடு ஒங்களோடதுக்கா. நீங்களே குடுங்க" என்று நீட்டினார்.

போசில்கா தட்டை வாங்கவில்லை. சமையல் மேல்துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டினார், கோட்டைப் போட்டார், தீஹோமீரின் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தார். "வா மனுஷா, நேரமாச்சு." இருவரும் பின்கதவு வழியாக வெளியேறினார்கள். ஒன்றும் புரியாமல் நானும் கோட்டைத் தேடி எடுத்துப் பின்னால் ஓடினேன்.

முன்வாசலில் அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் பனியை உதறிக்கொண்டிருந்தார்கள். போசில்கா அவர்களை முழங்கையால் ஒதுக்கினார். "தள்ளுங்க, நானும் விருந்துக்குத்தான் வந்திருக்கேன்."

மணி அடித்தார். கதவைத் திறந்தாள் நெவேனா. அவளுக்குப் பின்னால் ரத்மிலா தட்டோடு நின்றார். போசில்கா தலைத்துணியைச் சரிசெய்தார், தன் வீட்டு மிதியடியில் காலணியை அழுத்தி அழுத்தித் துடைத்தார், பிறகு கேட்டார்:

"உள்ள வரலாமா, ரத்மிலா?"